நூற்றில் அறுபத்தொன்று

இங்கே யாரும் அதைக் காவிரி என்று சொல்வதில்லை.
கோரையாறு, பாமணியாறு, கிளைதாங்கி.
மேலே வயலெல்லாம் குடித்து மிச்சம் வைத்தது
ஆளுக்கொரு பெயரில் வந்து
முத்துப்பேட்டைச் சேற்றில் உட்கார்ந்துவிடுகிறது.

கார்த்திகையில் நட்ட அலையாத்திக் கன்றுகளை
எண்ணிக் கொடுப்பது என் வேலை.
தினக்கூலி. வனத்துறை நோட்டு,
கயிறு கட்டிய பென்சில்.
முழங்கால் சேற்றில் வரிசை வரிசையாக
இருக்கிறது, இருக்கிறது, இல்லை,
இருக்கிறது, சாய்ந்திருக்கிறது.
சாய்ந்திருப்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
நோட்டில் இல்லை.

செவ்வாயும் வெள்ளியும் எண்ண வருவதில்லை.
அன்று திருவாரூர் ஆஸ்பத்திரி.
அட்டையில் பக்கிரிசாமி, வயது ஐம்பத்தொன்று.
நான்கு மணி நேரம்
அவருடைய ரத்தம் உடம்பை விட்டு வெளியே போய்
குழாயெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பி வரும்.
ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்.
உப்பு, ஊறுகாய், இளநீர், கருவாடு கூடாது.
கருவாட்டுக் கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு.
காற்றை என்ன செய்வது?

விடிந்து போனைத் திறந்தால்
அண்ணன் மகள் அனுப்பியிருக்கிறாள்
சூரியன் உதிக்கிற படம்.
மரத்தைப் போல் நில், நதியைப் போல் ஓடு.
ஏதாவது ஒன்றைச் சொல், கண்ணு.
நிற்கவா, ஓடவா?

மரம் எனக்கு எதுவும் போதித்ததில்லை.
அதற்கு அதன் பாடு.
மாசியில் ஒரு காலை,
ஓதம் இன்னும் ஏறாத நேரம்,
செல்லக்கண்ணு படகைக் கட்டப் போயிருந்தான்.
சும்மா நின்றவள்
ஓடை ஓரத்துப் பெரிய மரத்தின் இலையொன்றைத்
திருப்பிப் பார்த்தேன்.
அடியில் பொடிப்பொடியாய் வெள்ளை.
நக்கினேன். உப்புதான்.
மளிகைக் கடையில் பாக்கெட்டில் விற்கிற அதே உப்பு.

வேறு தண்ணீர் இல்லை,
அதனால் கடலைக் குடிக்கிறது.
குடித்ததில் ஆகாததை
இலை வழியே வெளியே வைத்துவிடுகிறது.
ஊசி இல்லை, டோக்கன் இல்லை,
முதல் பஸ்ஸைப் பிடிக்கிற ஓட்டம் இல்லை.
பனி கழுவிக்கொண்டு போகும்.
மறுநாள் மறுபடி.
நாளைக்கு உப்பு வராது என்ற நம்பிக்கையெல்லாம்
அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை.

அங்கேயே நின்று கொஞ்சம் அழுதேன்.
பொறாமையில்தான்.

பிறகு ஓதம் ஏறியது.
சேற்றில் குத்திட்டு நின்ற மூச்சுவேர்கள்
ஒவ்வொன்றாய் முங்கின.
முங்கியபின் அவை தண்ணீரோடு சண்டை போடவில்லை.
வற்றட்டும் என்று இருந்தன.

அந்த வெள்ளிக்கிழமை
ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில்
நானும் அப்படி இருந்து பார்த்தேன்.
குழுக்கடன் தவணையைக் கூட்டவில்லை.
மகனின் காலேஜ் பீஸை எதிலிருந்தும் கழிக்கவில்லை.
எலுமிச்சைச் சோற்றைத் தின்றுவிட்டு
வாயைத் திறந்தபடி தூங்கிப்போனேன்.
நர்ஸ் வந்து தோளைத் தட்டினாள்,
முடிஞ்சிருச்சும்மா, கூட்டிட்டுப் போங்க.
கடன் அதே இடத்தில்தான் இருந்தது.
முதுகு வலி மட்டும் குறைந்திருந்தது.

டிபன் பாக்ஸ் மூடியில் வைத்து
அவருக்கு ஒரு இலை கொண்டுபோனேன்.
ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
மெதுவாக நாக்குக்குக் கொண்டுபோனார்.
வேண்டாம், டாக்டரம்மா
அதையும் கணக்கில் சேர்ப்பாங்க என்றேன்.
சிரித்தார்.
முன்பற்களெல்லாம் தெரிய.
எத்தனை வாரத்துக்குப் பிறகு என்று
நான் எண்ணி வைக்கவில்லை.

மாசிக் கணக்கு கொடுத்தாகிவிட்டது.
நட்டது நூறு. இருப்பது அறுபத்தொன்று.
அதில் ஏழு சாய்ந்தவை.
அவற்றையும் இருக்கிறது என்றே எழுதினேன்.
ரேஞ்சர் கேட்டால்
வந்து பார்க்கட்டும்,
ஓதம் வற்றினபிறகு.